கட்டத்துள் அடங்கும் எழுத்து

நுழையும்முன்

எழுத்துகள் பிறந்த நாள்தொட்டு ஒரே அகலத்தில் இருந்ததில்லை. ‘ட’ ஒடுங்கி நிற்கும்; ‘ண’ விரிந்து படுக்கும். ஓலையும் கல்லும் ஈய அச்சும் அந்த வேற்றுமைக்கு இடம் கொடுத்தன. இடம் கொடுக்காத கருவி ஒன்று இருபதாம் நூற்றாண்டில் தமிழை வந்தடைந்தது. அக்கருவிக்காகத் தமிழ் எழுத்து எங்கே வளைந்தது, எங்கே வளைய மறுத்தது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓலையிலிருந்து ஈயத்திற்கு

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில் காட்டுமன்னார்கோவிலுக்கு அருகே உள்ளது திருநாரையூர். நம்பியாண்டார் நம்பியின் ஊர் அது. சோழ மன்னனும் நம்பியும் தில்லைக்குச் சென்று, கோயிலில் பூட்டிய அறையொன்றில் கறையான் அரித்துக் கிடந்த தேவார ஏடுகளைக் கண்டெடுத்தனர் என்பது திருமுறை கண்ட வரலாறு. அழிந்தவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என அவ்வரலாறு கூறுகிறது. எழுதப்பட்டது எதில் எழுதப்பட்டது என்பது, அது வாழும் காலத்தை மட்டுமன்றி அதன் வடிவத்தையும் முடிவு செய்கிறது.

ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறிய எழுத்து, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே தடிமன் உடையது. தூரிகையால் எழுதும் மொழிகளில் கோடு தடித்தும் மெலிந்தும் செல்லும். எழுத்தாணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அழுத்திக் கீறினால் ஓலை கிழியும். எனவே கை மென்மையாகவே ஓடிற்று. புள்ளியை அழுத்திக் குத்தினால் ஓலையில் துளை விழும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விடும் வழக்கமும் ஏடுகளில் நிலைத்தது. படிப்பவர் சூழலை நோக்கி, ‘க’ எனப் படிப்பதா ‘க்’ எனப் படிப்பதா என முடிவு செய்துகொள்வார். இக்காலத்து மாணவர் ஒருவரிடம் அத்தகைய ஏட்டைக் கொடுத்தால், தாய்மொழியே அயல்மொழிபோல் தோன்றும்.

அச்சு வந்தபோது இந்நிலை மாறிற்று. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்துகளில் அச்சாயிற்று. தமிழ் எழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பட்ட காலம் அதுவே. பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713ஆம் ஆண்டில் தமிழ் அச்சுப்பணியைத் தொடங்கினார். செருமனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. அவற்றால் அச்சிட்டால் தாள் போதாது. ஆகவே அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. ஈயம் கிடைக்காத நிலையில், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறையை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்பது அச்சு வரலாற்றில் சுவையான செய்தி. எழுத்தின் அளவை அழகுணர்ச்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. தாளின் விலையும் தீர்மானிக்கிறது. அதே சீகன்பால்கு 1717ஆம் ஆண்டில் கடலூரில் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்.

சிதம்பரத்திற்கும் அச்சுத்தமிழுக்கும் உள்ள உறவு இதனினும் நெருக்கமானது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சகம் நடத்திய ஆறுமுக நாவலர், 1864ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்து அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டில் உருவாயிற்று.

ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி உடல் உண்டு. ‘ண’ என்ற அச்சின் உடல் அகலமானது. ‘ட’ என்ற அச்சின் உடல் ஒடுக்கமானது. அச்சுக்கோப்பவர் இவற்றை வரிசையாக அடுக்கினால் இடைவெளி தானே சரியாக அமையும். இத்தகைய எழுத்தைப் பல்லகல எழுத்து எனலாம். நாம் படிக்கும் நூல்களும் நாளிதழ்களும் பல்லகல எழுத்தில் அமைந்தவையே.

ஒரே அடி வைக்கும் பொறி

அமெரிக்கரான ஷோல்ஸ் 1868ஆம் ஆண்டில் தட்டச்சுப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ரெமிங்டன் நிறுவனம் 1874ஆம் ஆண்டில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பொறியில் தாள் ஓர் உருளையில் சுற்றப்பட்டிருக்கும். விசையைத் தட்டியதும் உலோக எழுத்து மை நாடாவின்மீது மோதித் தாளில் பதியும். உடனே உருளை ஒரு பல் அளவு இடப்புறம் நகரும். எந்த எழுத்தைத் தட்டினாலும் நகரும் தொலைவு ஒன்றே. ஆங்கிலத்தின் ‘ஐ’ என்னும் ஒற்றைக் கோட்டு எழுத்துக்கும் ‘டபிள்யூ’ என்னும் அகன்ற எழுத்துக்கும் ஒரே கட்டம்தான். இவ்வாறு எல்லா எழுத்துகளும் ஒரே அகலமுள்ள கட்டத்துள் அடங்குமாறு வரையப்பட்ட எழுத்துருவைச் சம அகல எழுத்துரு என்பர்.

ஓர் அங்குலத்திற்குப் பத்து எழுத்து என்பது ஒரு வகை. பன்னிரண்டு எழுத்து என்பது மற்றொரு வகை. முதல் வகையில் ஒரு கட்டத்தின் அகலம் 2.54 மில்லிமீட்டர். இந்தச் சிறு கட்டத்துள் நெல்மணிபோல் எழுத்து அடங்க வேண்டும். ஒடுங்கிய எழுத்தின் காலுக்கும் தலைக்கும் அகன்ற பட்டைகள் சேர்த்துக் கட்டத்தை நிரப்பினர்; அகன்ற எழுத்தின் கால்களை நெருக்கினர். 1950களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனத்திற்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த ‘கூரியர்’ எழுத்துரு இம்முறையில் அமைந்தவற்றுள் உலகெங்கும் பரவியது.

ரோமன் எழுத்துக்கு இந்தக் கட்டுப்பாடு எளிதாகவே அமைந்தது. இருபத்தாறு எழுத்து, சிறியதும் பெரியதுமாக ஐம்பத்திரண்டு வடிவம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. பொறியிலோ நாற்பதைச் சற்று மிஞ்சிய விசைகள். மாற்றுவிசையைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் தொண்ணூறை ஒட்டிய வடிவங்களே. தமிழுக்குத் தட்டச்சுப்பொறி இயலாது என்று கூறியவர்கள் அறியாமையால் கூறவில்லை. கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது.

முத்தையாவின் நகரா விசை

அக்கணக்கை வேறு வகையில் போட்டவர் ஆர். முத்தையா. அவர் 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தார். 1907ஆம் ஆண்டில் மலாயாவுக்குச் சென்று, பின்னர்ச் சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சுப்பொறி நாள்தோறும் இயங்குவதைக் கண்ட அவருக்கு, தம் மொழிக்கும் அத்தகைய பொறி வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. அவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர்.

தமிழ் எழுத்துகளை 247 தனி வடிவங்களாகக் காணாமல், திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளாக அவர் பிரித்துக் கண்டார். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் ஆகியவை எல்லா மெய்களோடும் ஒரே வடிவில் சேர்கின்றன. அவற்றிற்கு ஒவ்வொரு விசை போதும். கு, மு, ரு முதலிய உகர வரிசை எழுத்துகள் அப்படிப் பிரிவதில்லை. உகரம் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு விதமாக வளைந்து இணைகிறது. ஆகவே அவற்றிற்குத் தனி விசைகள் ஒதுக்க வேண்டியிருந்தது.

எஞ்சியது புள்ளி. ‘க’வைத் தட்டியதும் உருளை நகர்ந்துவிடுகிறது, பிறகு புள்ளியைத் தட்டினால் அது ‘க’வின் தலையில் விழாது, அடுத்த கட்டத்தில் தனியே விழும். இதற்கு அவர் கண்ட தீர்வு நகரா விசை. அந்த விசையைத் தட்டும்போது புள்ளி தாளில் பதியும், உருளை நகராது. அடுத்து ‘க’வைத் தட்டினால் அது புள்ளிக்குக் கீழே அதே கட்டத்தில் வந்து அமரும், அதன்பின்னரே உருளை நகரும். எழுதும்போது எழுத்துக்குப் பின் வைக்கும் புள்ளியைத் தட்டும்போது எழுத்துக்கு முன் வைக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சுப் பயில்வோர் முதல் வாரத்தில் தடுமாறுவதும், ஒரு திங்களுக்குள் தம்மையறியாமல் பழகிக்கொள்வதும் இந்த ஒன்றில்தான்.

செருமனியின் டிரெஸ்டன் நகரில் இயங்கிய சைடல் அண்டு நௌமன் நிறுவனத்தின் மூலம் முத்தையா தம் பொறிகளை உருவாக்கி வரவழைத்தார். அலுவலகத்திற்கான பெரிய பொறியும், எடுத்துச் செல்லத்தக்க ‘பிஜோ’ என்னும் சிறிய பொறியும் அவற்றுள் அடங்கும். தமிழ்த் தட்டச்சின் தந்தை என அவர் போற்றப்படுவது பொருத்தமே.

தெரிந்து தெளிவோம்

‘மரப் பட்டா’ என்னும் தலைப்பை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ம, ர, ப், ப, ட், டா என ஆறு. தட்டச்சில் இது பிடிக்கும் கட்டங்கள் எட்டு. சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திற்கு ஒன்று, ‘டா’வின் காலுக்கு ஒன்று. விரல் தட்டும் தட்டல்களோ பத்து. இரண்டு புள்ளிகளும் கட்டம் பிடிக்காமல் தட்டல் மட்டும் பெறுகின்றன. எண்பது கட்டம் உள்ள வரியில் இத்தலைப்பை நடுவில் அமைக்க, 80இலிருந்து 8ஐக் கழித்துப் பாதியாக்கி, 36 கட்டங்களை விட்டுத் தொடங்க வேண்டும்.

அலுவலகமும் பத்திரமும்

சென்னை மாநில ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கோப்புகள் தமிழில் எழுதப்பட வேண்டுமெனில், அவற்றைத் தட்டச்சிடப் பொறியும் ஆளும் வேண்டும். அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிய கடலூரில், மஞ்சக்குப்பத்தைச் சுற்றி அமைந்த அலுவலகங்களும் நீதிமன்றங்களும் தட்டச்சர்களின் உழைப்பால் நடந்தன. ஊர்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் தோன்றின. பள்ளியிறுதி முடித்த பெண்கள் பலர் அரசுப் பணிக்குள் நுழைந்த வாயில் தட்டச்சுப் பயிலகத்தின் வாயிலே. தொழில்நுட்பக் கல்வித்துறை நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் ஆங்கிலத்திற்கு முறையே நிமிடத்திற்கு 30, 45 சொற்கள் வேகம் வேண்டும். வேகத்தாள் ஒன்று, அட்டவணையும் கடிதமும் அமைக்கும் தாள் மற்றொன்று. வேகத்தில் வென்று அட்டவணையில் தோற்றவர் மிகுதி.

அட்டவணையில்தான் சம அகல எழுத்தின் உண்மைப் பயன் வெளிப்படுகிறது. ஊதியப் பட்டியலில் ஒன்றின்கீழ் ஒன்றாக எண்கள் வரும்போது, ஒன்றாம் இடத்தின்கீழ் ஒன்றாம் இடமும் நூறாம் இடத்தின்கீழ் நூறாம் இடமும் நேராக நிற்க வேண்டும். எல்லா எண்ணும் ஒரே அகலம் என்பதால் கோடு போடாமலே நிரல் நேராகிறது. பல்லகல எழுத்தில் ‘1’ ஒடுங்கிவிட்டால் நிரல் கோணலாகும், கூட்டலும் பிழையாகும்.

இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. கிரயப் பத்திரம் ஒன்றில் ‘50 சென்ட்’ என்று இருப்பதை ‘150 சென்ட்’ ஆக்க ஒருவர் முயல்வதாகக் கொள்வோம். கையெழுத்துப் பத்திரத்தில் இடுக்கில் ஒரு கோடு நுழைத்துவிடலாம். தட்டச்சில் ஒவ்வொரு கட்டமும் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. புதிய எழுத்துக்குக் கட்டம் இல்லை. தாளை மீண்டும் பொறியில் ஏற்றி வெற்றிடத்தில் தட்டினாலும், முன்பு பதிந்த வரியோடு மயிரிழையும் பிசகாமல் அது பொருந்துவது அரிது. கட்டங்களின் ஒழுங்கே சான்றாகிறது. நிலத்தை நம்பி வாழும் மாவட்டத்தில் இது எளிய செய்தியன்று. ஓர் எழுத்தின் இடப்பெயர்ச்சியால் ஒரு குடும்பத்தின் மேட்டு நிலம் கைமாறக்கூடும். ஆவணங்களை ஆராயும் தடயவியல் வல்லுநர்கள், தட்டச்சு எழுத்தின் தேய்வையும் சாய்வையும் கட்ட விலகலையும் அளந்தே போலியைக் கண்டறிகின்றனர்.

மெலிந்த கோடு எதற்கு?

எழுத்துருவைப் பற்றிப் பேசும்போது ‘மெல்லெழுத்து’, ‘தடித்த எழுத்து’ என்கிறோம். கோட்டின் தடிமனைக் குறிக்கும் சொற்கள் இவை; இலக்கணத்தில் வரும் மெல்லினத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. தலைப்புக்குத் தடித்த எழுத்து பொருந்தும் என்பதை அனைவரும் அறிவர். மெல்லெழுத்து எதற்கு என்பதே கேட்கத்தக்க கேள்வி.

தட்டச்சில் எழுத்து மை நாடாவின் ஊடாகப் பதிகிறது. துணிநாடாவின் மை பக்கவாட்டில் பரவுவதால், உலோகத்தில் உள்ள கோட்டைக் காட்டிலும் தாளில் விழும் கோடு தடிக்கும். கார்பன் தாள் வைத்து நான்கைந்து படிகள் எடுக்கும்போது அடிப்படியில் இன்னும் தடித்து மங்கும். ரோமன் எழுத்தில் ‘ஓ’, ‘ஈ’ போன்ற சிலவற்றுக்கே உள்வெளி அடைபடும் இடர் உண்டு. தமிழிலோ சுழி இல்லாத எழுத்தைத் தேட வேண்டும். ‘ண’வில் அடுத்தடுத்துச் சுழிகள்; ‘ஞ’, ‘இ’, ‘ஐ’, ‘ஷ’ ஆகியவற்றிலும் நெருங்கிய வளைவுகள். இவற்றை 2.54 மில்லிமீட்டர் அகலத்துள் நெருக்கித் தடித்த கோட்டால் வரைந்தால், சுழிகள் மையால் அடைந்து, ‘ண’ எது ‘ன’ எது எனத் தெரியாத கரும்புள்ளியாகும். எனவே தமிழுக்குரிய சம அகல எழுத்து மெல்லெழுத்தாக இருந்தாக வேண்டும். எழுத்தாணியின் ஒரே தடிமனான மெல்லிய கோடு, ஓலையை விட்டு நீங்கி நெடுங்காலம் கழித்துத் தட்டச்சின் வழியே திரும்பி வந்தது என்று கூறினும் பொருந்தும்.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். பழைய ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கைபோல் முன்னே சுருண்ட தனி வடிவங்களாக இருந்தன. ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் அவ்வாறே தனித்து நின்றன. தந்தை பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே தம் இதழில் இவற்றை மாற்றி எழுதிக் காட்டினார். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இந்தப் பதின்மூன்று எழுத்துகளுக்கும் சீர்திருத்த வடிவத்தை ஏற்று ஆணையிட்டது. கற்போரின் எளிமை முதற்காரணம். விசைகளின் எண்ணிக்கை மற்றொரு காரணம். பழைய வடிவங்களின் அழகு போயிற்று என்று வருந்தியவர்களும் இருந்தனர். அவ்வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ‘லை’யும் ‘கை’யும் ஒரே முறையில் அமைவதைக் கண்ட முதல் வகுப்புக் குழந்தைக்கு அந்த வருத்தம் தெரியாது.

சாய்வெழுத்தின் வரலாறு

இத்தாலியின் வெனிசு நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்னும் பதிப்பாளர் 1501ஆம் ஆண்டில் வர்ஜிலின் நூலைச் சிறிய வடிவில் வெளியிட்டார். பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் செதுக்கித் தந்த சாய்வான எழுத்துகளால் அந்நூல் முழுவதும் அச்சிடப்பட்டது. அறிஞர்கள் விரைந்து எழுதும் கையெழுத்தைப் பின்பற்றிய எழுத்து அது. ஆகவே வலப்புறம் சாய்ந்தும் ஒடுங்கியும் இருந்தது. தொடக்கத்தில் முழு நூலுக்கும் பயன்பட்ட சாய்வெழுத்து, பின்னர் நேரெழுத்தின் நடுவே வேறுபடுத்திக் காட்டும் துணையெழுத்தாயிற்று. நூற்பெயர், பிறமொழிச் சொல், அழுத்தம் தர வேண்டிய சொல் ஆகியவை சாய்வெழுத்தில் அமைந்தன.

மெல்லெழுத்து, சாய்வெழுத்து, சம அகல எழுத்து ஆகிய மூன்று பண்புகளும் ஒன்றுசேர்ந்த எழுத்துரு ஒன்றை ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. 1961ஆம் ஆண்டில் வந்த அதன் ‘செலக்ட்ரிக்’ மின்தட்டச்சுப்பொறியில் தனித்தனி எழுத்துக்கம்பிகள் இல்லை. 88 வடிவங்களும் கோல்ஃப் பந்தளவான ஓர் உருண்டையின்மேல் அமைந்திருந்தன. உருண்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் எழுத்துரு மாறிவிடும். ‘லைட் இட்டாலிக்’ என்னும் பெயருடைய உருண்டை, அங்குலத்திற்குப் பன்னிரண்டு எழுத்து என்னும் அளவினது. நேரெழுத்தில் அறிக்கையைத் தட்டிக்கொண்டே வந்து, மேற்கோள் வரும் இடத்தில் உருண்டையை மாற்றி, மீண்டும் பழைய உருண்டைக்கு வருவது தட்டச்சரின் கைத்திறன். இரண்டும் ஒரே கட்ட அளவுடையனவாயின் வரி பிசகாது.

இங்குச் சாய்வின் சிறப்பு புலப்படுகிறது. ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்டத் தடித்த எழுத்தைப் பயன்படுத்தினால் பக்கத்தின் அமைதி குலையும். கட்டத்துள் கோடுகளும் நெருங்கும். பெரிய எழுத்தைப் பயன்படுத்தினால் கட்டமே போதாது. சாய்வு ஒன்றே கட்டத்தின் அகலத்தை மாற்றாமல், உரத்துப் பேசாமல், ‘இது வேறு’ என்று குறிப்பாற் சொல்கிறது. இன்று கணினி நிரலர்கள் இதே காரணத்திற்காகத்தான் நிரலின் இடையிடையே எழுதும் குறிப்புரைகளை மெல்லிய சாய்வெழுத்தில் காட்டுமாறு அமைத்துக்கொள்கின்றனர். நிரல் பொறிக்கு உரியது; குறிப்புரை மனிதருக்கு உரியது. இரண்டும் ஒரே நிரல்கோட்டில் நிற்க வேண்டும்; ஆனால் ஒன்றாகத் தோன்றக்கூடாது.

தமிழில் அடிக்கோடு

தமிழ்த் தட்டச்சுப்பொறியில் உருண்டை மாற்றும் வசதி வாய்க்கவில்லை. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வாழ்ந்த தட்டச்சர்களுக்கு ஆய்வேடு தட்டுவது பெரும்பணி. நூற்பெயர் வந்தால் அதனைத் தட்டி, உருளையைப் பின்னுக்குத் தள்ளி, கீழே கோடு இழுப்பர். அடிக்கோடு இட்ட சொல் அச்சில் சாய்வெழுத்தாகும் என்பது ஆங்கில அச்சகங்களின் வழக்கம். தமிழ் அச்சிலோ அது ஒற்றை மேற்கோள் குறிக்குள் அமைந்தது. அல்லது தடித்த எழுத்தாயிற்று. இந்தப் பாடத்தில் நூற்பெயர் ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதும் அவ்வழக்கின் தொடர்ச்சியே.

தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு இல்லை என்று சொல்வதற்குமுன் ஒன்றைக் கருத வேண்டும். விரைந்து எழுதுவோரின் தமிழ்க் கையெழுத்தும் வலப்புறம் சாய்வதே. மரபு கையில் இருக்கிறது, அச்சுக்கு வரவில்லை. கணினியில் ‘சாய்வு’ என்னும் பொத்தானை அழுத்தினால், நேரெழுத்தையே பொறி தள்ளிச் சாய்க்கிறது. ரோமன் சாய்வெழுத்தில் சில எழுத்துகள் வடிவமே மாறுகின்றன. அவை புதிதாக வரையப்பட்டவை. பொறி தள்ளிய தமிழிலோ வட்டச் சுழி நசுங்கி நீள்வட்டமாகிறது. ‘ப’, ‘ட’ ஆகியவற்றின் நேர்கோணம் கூர்ந்துவிடுகிறது. ‘ழ’வின் அடிவளைவு தன் நிலையை இழக்கிறது. காற்றில் சாய்ந்த நாணலுக்கும் தள்ளிவிடப்பட்ட வேலிக்கும் உள்ள வேறுபாடு இது.

கணினியில் கட்டம்

தட்டச்சுப்பொறி அருகிய பின்பும் கட்டம் மறையவில்லை. நிரல் எழுதும் திரையும் கட்டளைத் திரையும் இன்றும் சம அகலக் கட்டங்களால் ஆனவை. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் கட்டளைத் திரையில் தமிழைக் கண்டவர் அதன் அவலத்தை அறிவர். கொம்பு ஓரிடத்தில், மெய் ஓரிடத்தில், கால் வேறிடத்தில் எனச் சிதறிக் கிடக்கும். ‘மரப் பட்டா’ கணினிக்குப் பத்துக் குறியீடுகள். தட்டச்சர் தட்டிய பத்துத் தட்டல்களும் இவையே. பத்துக் குறியீட்டுக்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது என்பதில் மென்பொருளுக்கும் எழுத்துருவுக்கும் உடன்பாடு இல்லையெனில் சொல் உடைகிறது. முத்தையா நகரா விசை ஒன்றால் தீர்த்த சிக்கல், அளவற்ற ஆற்றல் உடைய கணினியில் இன்னும் முழுமையாகத் தீரவில்லை என்பது வியப்புக்குரியது.

வேறுபடுத்தும் சிக்கலும் உண்டு. நிரல் எழுத்துருக்களில் சுழியத்தையும் ஆங்கில ‘ஓ’வையும் குழப்பாதிருக்கச் சுழியத்தின் நடுவே புள்ளியோ கோடோ இடுவர். தமிழில் ‘ர’வும் காலும் அத்தகைய இணை, ‘ஔ’ என்பதும் ‘ஒள’ என்பதும் அத்தகைய இணை. தமிழ் எண்களைப் பயன்படுத்தினால் ‘௧’ என்பதும் ‘க’ என்பதும், ‘௭’ என்பதும் ‘எ’ என்பதும் கண்ணை ஏமாற்றும். பழைய ஆங்கிலத் தட்டச்சுப்பொறிகள் சிலவற்றில் ‘1’ என்னும் எண்ணுக்குத் தனி விசையே இல்லை; ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்தையே அதற்கும் தட்டினர். அன்று படித்தவர் மனிதர் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

தமிழில் மெல்லிய, சாய்ந்த, சம அகல எழுத்து ஒன்றைப் புதிதாக வரைய முனைபவர் முதலில் ‘ண’வை வரைய வேண்டும். மிக அகன்ற எழுத்து கட்டத்துள் அடங்கினால்தான் மற்றவற்றுக்குரிய கட்டத்தின் அளவு தெரியும். ‘ண’வுக்கு ஏற்பக் கட்டத்தை அகட்டினால், ‘ட’வும் ‘ர’வும் காலும் பெரிய கூடத்தில் தனித்து நிற்பவர்போல் தோன்றும். ‘ட’வுக்கு ஏற்பக் குறுக்கினால் ‘ண’ மூச்சடைக்கும். சிலர் அகன்ற எழுத்துகளுக்கு மட்டும் இரண்டு கட்டங்களை ஒதுக்குவது நன்று என்பர். சீன, சப்பானிய எழுத்துகளுக்குக் கணினித் திரைகளில் அவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நிரல் நேராக நிற்பதும் கெடாது, சுழியும் நசுங்காது. தமிழுக்கு அதுவே தக்கதாகத் தோன்றுகிறது.

அடுத்து வருவது புள்ளி. எழுத்தைப் பத்துப் பாகை சாய்த்தால், அடிக்கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வலப்புறம் நகரும். 2.54 மில்லிமீட்டர் கட்டத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. அடுத்த எழுத்து ‘கி’ என்பதுபோல் உயர்ந்த எழுத்தாயின், புள்ளி அதனை நெருங்கி, எந்த எழுத்துக்கு உரியது என்ற ஐயத்தை எழுப்பும். ஆகவே எழுத்தை அடிக்கோட்டில் ஊன்றிச் சாய்க்காமல், அதன் உயரத்தின் நடுவில் ஊன்றிச் சாய்ப்பர். அப்போது எழுத்தின் அடிப்பகுதி கால் மில்லிமீட்டர் இடப்புறமும் புள்ளி கால் மில்லிமீட்டர் வலப்புறமும் நகரும். புள்ளி தன் கட்டத்திற்குள்ளேயே நிற்கும்.